மாமாவுக்கு எடுத்து வைத்தது

விளக்கை அணைத்ததும் அக்கா என் கையை இழுத்துத் தன் மடியிலிருந்த பையின் மேல் வைத்து, “இதப் பிடிச்சுக்க, இருட்டுல எவனும் தூக்கிரப்போறான்” என்றாள். பிடித்துக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டி இத்தனை வருஷம் ஆகியும் அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் இன்னும் வெளிச்சம் வரவில்லை. அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் பிரமு இப்போது புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பாள், செருகுவாள், எடுப்பாள், மறுபடி செருகுவாள், பரீட்சை அறைக்கு மேற்பார்வைக்குப் போன நாட்களிலும் அப்படித்தான். அக்கா வந்திருப்பது அவளுக்குத் தெரியும். எந்த வரிசை என்று தெரியாது. நான் சொல்லவில்லை. தெரிந்தால் இந்த இடத்தையே பார்ப்பாள், அல்லது இந்த இடத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக மற்ற எல்லா இடத்தையும் பார்ப்பாள், இரண்டும் ஒன்றுதான். என் மனைவி பிரமநாயகி, பெண்கள் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள், ஒற்றை ஆளாக அங்கே நின்றுகொண்டு மனிதன் எதற்குப் பிறக்கிறான், செத்தால் எங்கே போகிறான், கடவுளுக்குக் காது கேட்குமா என்றெல்லாம் கேட்டு இந்தப் பாளையங்கோட்டைக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கப்போகிறாள். என் அக்கா உலகம்மாள், அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பல்லைக்கூடக் காட்டுவதில்லை என்ற முடிவோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் நானும் பையும்.

வெளிச்சம் வந்துவிட்டது. கையில் கரண்டியோடு பிரமு வேகமாக வருகிறாள், தலைபோகிற வேலைக்கு வருகிறவள் மாதிரி வந்து, நின்று, சுற்றிப் பார்த்து, கரண்டியைப் பார்க்கிறாள். “எதுக்கு வந்தேன்?” முன்வரிசையில் ஒரு பெண் அதற்குள் சிரித்துவிட்டாள், ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள், அது நல்ல சகுனம், நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை, இருந்தாலும். “அடுக்களையில இருந்து ஹாலுக்கு வந்தேன். ஏதோ எடுக்க வந்தேன். என்ன எடுக்க வந்தேன்? சரி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய் நின்னா ஞாபகம் வரும்பாங்க. போய் நின்னேன். இப்ப ஹாலுக்கு எதுக்குப் போனேன்னும் தெரியல, அடுக்களைக்கு எதுக்கு வந்தேன்னும் தெரியல. ஒரு கேள்வி ரெண்டாச்சு.” சிரிப்பு பின்வரிசையிலிருந்து கிளம்பி எங்கள் தலைக்கு மேலே போகிறது. “பெரிய பெரிய ஞானியெல்லாம் காட்டுக்குப் போயி இதே கேள்வியத்தான் கேட்டாங்க. அவங்களுக்கு என்ன, அடுப்புல ஒண்ணும் வச்சிட்டுப் போகல. எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன், ஏங்க, நான் எதுக்கு வந்தேன்? அவரு பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம, நான்தானே கட்டிக் கூட்டிட்டு வந்தேங்காரு.” நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் இத்தனை மேடையில் இத்தனை பேர் நம்பிய பிறகு, சொல்லியிருப்பேனோ என்று எனக்கே தோன்றுகிறது, அந்தப் பேப்பர், அந்த நாற்காலி, அந்தக் குரல் எல்லாம் ஞாபகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டன. ஒரு நாள் அவள் நிஜமாகவே கரண்டியோடு ஹாலில் வந்து நின்றாள், அது மட்டும் உண்மை. கண்ணில் ஒரு வெறிப்பு. அம்மாவுக்கு மறதி தொடங்கியதும் இப்படித்தான். நான் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் அதற்குள் இதை வேடிக்கையாக்கிவிட்டாள். என் பயம் எங்கே போனது? அது இப்போது இத்தனை பேர் வாயிலிருந்து சிரிப்பாக வந்துகொண்டிருக்கிறது. இதை நினைக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஏறி உட்காருகிறது, சட்டைப் பொத்தான் இறுகுகிறது. பெருமை என்று இதைத்தான் சொல்கிறார்கள் போல. ஆனால் எனக்கு என்ன பெருமை? ஒரு வரி நான் எழுதவில்லை. ஒரு நாற்காலி நகர்த்தவில்லை. என் மனைவி என்ற சொல்லில் ‘என்’ என்பது மட்டும்தான் நான் போட்டது. வீட்டு மாடியில் நின்று பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆனாலும் பொத்தான் இறுகத்தான் செய்கிறது.

அக்கா அசையவில்லை. அவள் எந்த இடத்துக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறேன், அது இன்னும் வரவில்லை, கடவுள் பகுதி முடிந்து அப்புறம்தான் சாவு. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. இந்த ஊரில் அது ஒரு தண்டனை, எந்தத் தெருவில் திரும்பினாலும் அல்வா நெய் மணக்கும். பிரமு எங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் கண்டுபிடித்தார்கள், அன்றிலிருந்து அவர் போகிற வரைக்கும் அவருடைய பத்தியம் அவள் பொறுப்பு. எங்கள் வீட்டில் எதைச் செய்தாலும் இனிப்பு சேர்ப்பதற்கு முன்னால் ஒரு குரல் வரும், முதலில் அம்மாவின் குரல், அம்மா போன பிறகு என் குரலோ, அதையே கேட்டுப் பழகிய பிள்ளைகளின் குரலோ, “மாமாவுக்குத் தனியா எடுத்து வச்சாச்சா?” அவள் ஒரு சின்னப் பாத்திரத்தில் எடுத்து மூடி வைப்பாள். காப்பி, பொங்கல், பாயசம், எல்லாம். பிறகு அப்பா போனார். பதினாறாம் நாள் படையல். போனவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, இலை போட்டு, படைத்து, கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும், அவர் வந்து சாப்பிடட்டும் என்று. பிறகு கதவைத் திறந்து அந்த இலையிலிருந்து பிள்ளைகள் எடுத்துச் சாப்பிட வேண்டும். அன்று பின்கட்டில் விறகடுப்பு, புகை, நாலு பக்கமும் ஆள், யாரோ ஒருத்தர், யார் என்று இன்றுவரை தெரியவில்லை, “மாமாவுக்கு எடுத்து வச்சாச்சா?” என்று கேட்டிருக்கிறார்கள். படையலுக்குத்தான் கேட்டார்கள். பிரமுவின் கை வெல்லம் போடுவதற்கு முன்னால் போய் ஒரு சின்னப் பாத்திரத்தில் பாயசத்தை எடுத்து மூடி வைத்துவிட்டது. அதுதான் இலைக்கு வந்தது. கதவு திறந்ததும் மூத்த மகள் அக்கா முதலில் பாயசத்தைத் தொட்டு வாயில் வைத்தாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். “சப்புன்னு வச்சிருக்காளே! போற வழிக்குக்கூட எங்கப்பாவுக்கு ஒரு இனிப்பு இல்லாம அனுப்பிட்டாளே!” அன்றிலிருந்து அக்கா பிரமுவிடம் நேராகப் பேசுவதில்லை. வீட்டுக்கு வருவாள், உட்காருவாள், பிரமு எதிரில் நிற்கும்போதே என்னிடம் சொல்வாள், “காப்பி வேண்டாம்னு உன் பெண்டாட்டிகிட்டச் சொல்லு.” பிரமு என்னிடம் சொல்வாள், “மதினி எதுக்கு வேண்டாங்காங்கன்னு கேளுங்க.” நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலி கண்டவன். கதையை அறியாத எங்கள் மருமகன் ஒரு தடவை என்னிடம் ரகசியமாகக் கேட்டான், பெரியம்மாவுக்குக் காது மந்தமா என்று.

பிரமுவின் அந்தக் கையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது, அப்பா போய்விட்டார் என்று. ஊருக்குப் போனது, சொந்தக்காரர்களுக்குப் போனது, அவர் கார்டாக வேலை பார்த்த ரயில்வேக்குப் போனது. பிரமுவின் கைக்கு மட்டும் போகவில்லை. அந்தக் கையைப் பொறுத்தவரை அவர் உள்ளே கட்டிலில் இருந்தார், சர்க்கரை ஏறிவிடக் கூடாது. மகள் அழுதாள், மகன் மொட்டை போட்டுக்கொண்டேன், மருமகளின் கை அவரைச் சாக விடவில்லை. இதை அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், “உன் பெண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசாத” என்பாள். அது உண்மையாகவும் இருக்கும். பரிந்து பேசுகிறவன் சொல்கிற உண்மைக்கு என்ன மதிப்பு? என் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் இதைத்தான் செய்கிறேன், ஒரு வில்லையை மாட்டி, எடுத்து, இன்னொன்றை மாட்டி, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்கிறேன். வருகிறவர்கள் பாவம், எனக்குப் பிடித்த பதிலைச் சொல்ல முயற்சி செய்கிறார்கள். சிலர் கடைக்கு வருவதே வம்புக்கு. “என்ன சார், அம்மா மேடையில உங்கள வாங்கு வாங்குன்னு வாங்குறாங்களாமே?” “ஆமா, வீட்டுல வாங்குறதுக்கு அது கொஞ்சம் குறைவுதான். எழுத்து தெரியுதா, கீழ் வரியப் படிங்க.” சிரித்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒருத்தன் வாயிலிருந்துதான் அக்காவுக்கும் போயிருக்கும். போன வாரம் போனில் கூப்பிட்டாள். “எங்கப்பாவ மேடையேத்தி ஊரு சிரிக்க வைக்காளாமே? நான் வந்து என் கண்ணால பாக்கணும். அவரு பேருக்கு ஒரு குறை வந்துச்சுன்னு வையி, எந்திரிச்சுப் போயிருவேன். பெறவு உன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன், நீ என் தம்பியும் இல்ல.” சொன்னால் செய்கிறவள். அத்தானோடு ஒரு கல்யாண வீட்டில் ஏற்பட்ட சண்டையில் பாதிப் பந்தியில் எழுந்து நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தவள். பிரமு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், விஷயத்தைச் சொன்னேன். நறுக்குவதை நிறுத்தாமலே, “அந்தப் பகுதிய எடுத்திரட்டுமா?” என்றாள். எடுத்தால் நாடகத்தில் ஒன்றும் இருக்காது, கொஞ்சம் துணுக்கு மிஞ்சும், அது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். “ஒரு வரி எடுக்காத” என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு திடமாக வந்த வேறு வாக்கியம் ஞாபகம் இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிட்டேனே தவிர அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எடுக்காதே என்று சொல்ல நான் யார்? மேடையில் நிற்பது அவள். போகப்போவது என் அக்கா. அப்பாவோ, அவர் பாட்டுக்குப் படத்தில் இருக்கிறார், அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கடவுள் வந்துவிட்டார். “பிள்ளைங்க பரீட்ச எழுதிட்டு நேரா கோவிலுக்குப் போவாங்க, பாஸாகணும் சாமின்னு. பேப்பரக் கட்டி அனுப்பியாச்சு. இனிமே அவரு என்ன செய்யணும்? போயி, கட்டப் பிரிச்சு, இவ எழுத்து மாதிரியே உக்காந்து எழுதணும். அதுவும் என் பாடம்! தாவரவியல்! சரி, எல்லாச் செடியும் அவருதான் படைச்சாரு, ஒத்துக்கிடுதேன். அதுக்குன்னு லத்தீன்ல பேரு தெரியுமா அவருக்கு? நான் திருத்தியிருக்கேன், கடவுள் எழுதின பேப்பர. ரெண்டு மார்க்குக் கேள்வியில முட்டை.” கூட்டம் நாற்காலியை அடித்துச் சிரிக்கிறது. அக்காவின் தொண்டையில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து, இருமலாக மாறி வெளியே போனது. திரும்பிப் பார்க்க ஆசை, பார்க்கவில்லை. பார்த்தால் மாட்டிக்கொண்டது தெரிந்துவிடும், தெரிந்தால் இன்னும் இறுகிவிடுவாள். கூரையில் பெரிய விசிறி ஒன்று தட்டிக்கொண்டே சுற்றுகிறது, இவ்வளவு நேரமும் கேட்கவில்லை, இப்போது கேட்கிறது, ஏனென்றால் சிரிப்பு அடங்கிவிட்டது, பிரமு கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு ஓரத்திலிருந்து பலகையை எடுத்துப் போடுகிறாள், வாழை இலையை விரிக்கிறாள், தண்ணீர் தெளித்துத் துடைக்கிறாள். வந்துவிட்டது. எழுந்து மேடையோரம் போய், வேண்டாம், விட்டுவிடு, எடுத்துவிடு என்று சைகை காட்டலாமா? நேரம் இருக்கிறது, இன்னும் ஒரு வாக்கியம் நேரம் இருக்கிறது. நான் எழவில்லை. துணிச்சலால் எழவில்லையா, கால் வரவில்லையா? பிறகு யாராவது கேட்டால் துணிச்சல் என்றுதான் சொல்வேன்.

“எங்க மாமா போயிட்டாரு” என்கிறாள் பிரமு. சின்னக் குரல். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு நொடி நிறுத்துவாள், நடிப்பு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பிறகு எல்லாம் வருகிறது, பதினாறாம் நாள், புகை, எடுத்து வச்சாச்சா, சின்னப் பாத்திரம், மூடி. கூட்டம் முன்னமே புரிந்துகொண்டு, ஐயோ என்கிறது, சிரித்துக்கொண்டே ஐயோ என்கிறது. “கதவச் சாத்தியாச்சு. வெளிய நாங்க நிக்கோம், உள்ள அவரு. என்ன செய்வாரு அவரு? இத்தன வருசம் கழிச்சு ஒரு இலை முழுக்கச் சாப்பாடு. தடுக்க ஆளில்லை. மருமவ வெளிய நிக்கா.” பலகையில் உட்காருகிறாள். உட்கார்ந்ததும் அவள் தோள் அகலமாகிறது, எப்படி என்று எனக்குத் தெரியாது, நான் இத்தனை நாள் கூட வாழ்ந்தும் தெரியாது. தலையை இடது கோடியில் தொடங்கி வலது கோடி வரைக்கும் மெதுவாகத் திருப்பி இலையைப் பார்க்கிறாள். அப்பா அப்படித்தான் பார்ப்பார், பச்சைக் கொடி காட்டுவதற்கு முன்னால் கடைசிப் பெட்டியில் நின்று ரயில் முழுவதையும் பார்க்கிற மாதிரி, உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல், எல்லாப் பெட்டியும் கோர்த்திருக்கிறதா, கிளம்பலாமா. பக்கத்தில் அக்கா நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். பை என் கையிலிருந்து நழுவியது, பிடித்தேன். மேடையில் அப்பா பாயசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சுகிறார். உறிஞ்சி, கொஞ்சம் பொறுத்து, நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்து, சாத்திய கதவுப் பக்கம் திரும்பி, “ஏளா மருமவளே! செத்தும் பத்தியமா?” கூடம் வெடிக்கிறது. என்னால் சிரிக்க முடியவில்லை, அக்காவின் முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டிருக்கிறது, அது நடுக்கமா, எழுந்திருக்கப் போகிற எத்தனமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இது தெளிவா, அது தெளிவா.

பிரமு எழுந்துவிட்டாள், மறுபடியும் பிரமு. “கேக்கேன், சொல்லுங்க. போனவருக்குச் சர்க்கரை உண்டா, இல்லையா? உடம்போட நோவும் போச்சுன்னா, உடம்போட நாக்கும்லா போயிருக்கும்? பெறவு எதுக்குப் படையல்? இல்ல, நாக்கு கூட வரும், ருசி கூட வரும்னா, சர்க்கரை மட்டும் பஸ்ஸத் தவற விட்டுட்டு இங்கயே நின்னுருமா? நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க. உண்டுன்னா நான் வச்சது சரி. இல்லைன்னா எங்க மதினி என்னை ஏசினது சரி.” இந்த இடத்தில் நிறுத்துவாள், நிறுத்தியே ஆக வேண்டும், எல்லா ஊரிலும் சனங்கள் கத்துவார்கள், உண்டு என்று ஒருவர், இல்லை என்று ஒருவர், இன்சுலின் போட்டீங்களாம்மா என்று ஒரு குறும்புக்காரர். இன்றும் கத்துகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, என் வலது காதுக்கு மிகப் பக்கத்தில், எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த குரல் எழுந்தது. “நான் எங்கட்டி உன்னை ஏசினேன்?”

கூட்டம் சிரித்தது. ஏற்பாடு என்று நினைத்திருப்பார்கள். அக்கா நின்றுகொண்டிருந்தாள், முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. “அழுதேன்டி. பெத்த தகப்பன் போன பதினாறாம் நாளு நான் அழுதது உனக்கு ஏச்சாத் தெரிஞ்சுதா?” இப்போது யாரும் சிரிக்கவில்லை. விசிறி தட்டுகிறது. பிரமுவுக்கு எதிரே விளக்கு, அவளால் எங்களைப் பார்க்க முடியாது, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருட்டைத் துழாவுகிறாள். முடிந்தது என்று நினைத்தேன். அவள் முகத்தில் அந்த வெறிப்பு, கரண்டியோடு ஹாலில் வந்து நின்ற நாளின் வெறிப்பு, எதற்கு வந்தேன் என்று நிஜமாகவே தெரியாத முகம். எழுதி வைத்தது தீர்ந்துவிட்டது. நான் சொன்ன ஒரு வாக்கியத்தால் என் மனைவியை இத்தனை பேர் நடுவே ஊமையாக்கிவிட்டேன், அக்காவையும் அழ வைத்துவிட்டேன், இரண்டையும் ஒரே மாலையில் செய்துவிட்டேன். இவ்வளவு நேரம் பெருமை பெருமை என்று பூரித்தவனே, இப்போது எங்கே போனாய்? ஆனால் அப்போதுதான் ஒன்று உறைத்தது, மெதுவாக, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில். அக்கா நேராகப் பேசியிருக்கிறாள். உன் பெண்டாட்டிகிட்டச் சொல்லு என்று என்னிடம் சொல்லவில்லை. “மதினி” என்றாள் பிரமு, மேடைக் குரல் இல்லை, வீட்டுக் குரல். “எங்க இருக்கீங்க மதினி?” “இங்கதான் இருக்கேன், உன் வீட்டுக்காரன் பக்கத்துல.” “அழுதீங்கன்னு எனக்குத் தெரியும் மதினி. நானும்தான் அழுதேன். ரெண்டு பேரும் வேற வேற ரூமுல போயி அழுதோம்.” அவள் குனிந்து தரையிலிருந்த கரண்டியை எடுத்து இருட்டை நோக்கி நீட்டினாள். “நான் வச்சது தப்புத்தான். வாங்க. நீங்க வந்து சரியா வைங்க.”

அக்கா பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசல் ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம். நடைபாதைக்கு வரும்வரை எந்தப் பக்கம் திரும்பப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். மேடைப் பக்கம் திரும்பினாள். முழங்கால் மடங்காது அவளுக்கு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினாள், முன்வரிசைப் பெண் ஓடிவந்து முழங்கையைத் தாங்கினாள். வெளிச்சத்துக்குள் வந்ததும் கண் கூசி நின்று, இலையைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள். “பாத்திரம் எங்கட்டி?” “பாத்திரம் இல்ல மதினி. இருக்கிற மாதிரி வைக்கணும்.” “இருக்கிற மாதிரின்னா?” “பாயசம் இருக்கிற மாதிரி. மாமா இருக்கிற மாதிரி.” அக்கா தலையை ஆட்டினாள், அடுத்த வீட்டுக்காரி சமையல் முறை சொல்லும்போது ஆட்டுவது போல. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கரண்டியை வாங்கி இல்லாத பாத்திரத்துக்குள் விட்டவள், விட்டபடியே நின்று, “வெல்லம் போட்டாச்சா?” என்றாள். கூடத்தில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் நின்றது. “நீங்களே போடுங்க மதினி.” அக்கா போட்டாள். கை நிறைய அள்ளி, போட்டு, யோசித்து, இன்னொரு கை அள்ளி, அதற்கு மேலும் ஒரு கை. கிண்டினாள். தூக்கி ஊற்றிப் பதம் பார்த்தாள். பிரமு ஓசையில்லாமல் போய்ப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தோள் அகன்றிருந்தது. அக்கா இலையில் பரிமாறினாள், ஒரு சொட்டும் சிந்தாமல். “சாப்பிடுங்கப்பா.” தலை இடது கோடியிலிருந்து வலது கோடிக்குத் திரும்பியது. உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினார். கண்ணை மூடினார். ஒருவரும் அசையவில்லை, இது எந்த ஒத்திகையிலும் இல்லாதது, இதற்கு எழுதிய வரி கிடையாது, அவள் என்ன சொல்லப்போகிறாள், நல்லாயிருக்கு என்று சொன்னால் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அக்கா மன்னித்துவிடுவாள், முடிந்துவிடும், சொல்லிவிடு பிரமு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிடு. அப்பா கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். “ஏளா உலகு,” என்றார், “என்னளா இப்படித் திகட்டுது? நான் சப்புன்னே குடிச்சுப் பழகிட்டேம்லா.”

அக்கா அந்தக் கரண்டியால் பிரமுவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். “போடி கள்ளி! அங்கயும் போயி அவரை உன் பக்கம் இழுத்துக்கிட்டியா?” சொல்லிக்கொண்டே சிரித்தாள், வாயை மூடாமல், கட்டுப்பல் அத்தனையும் தெரிய, கண்ணீர் பாட்டுக்கு வழிய, ஊரே பார்க்க. கூட்டம் எழுந்து நின்று கையைத் தட்டுகிறது, எனக்கு முன்னால் முதுகுகள், எட்டி எட்டிப் பார்க்கிறேன். எனக்குப் பிடித்த பதிலை என் மனைவி சொல்லவில்லை. நான் எழுதியிருந்தால் நல்லாயிருக்கு என்றுதான் எழுதியிருப்பேன், எல்லாரையும் போல, பொய்யாக. அவள் அக்காவை ஏமாற்றவில்லை, அப்பாவையும் ஏமாற்றவில்லை, தன் கையையும் விட்டுக்கொடுக்கவில்லை, யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது அவளுக்கு. நான் உண்மையில் எதைப் பார்த்துப் பூரிக்கிறேன் என்று இவ்வளவு நாள் தெரியாமல்தான் பூரித்திருக்கிறேன். தென்னை பக்கத்து வீட்டுக்காரனுடையதாகவே இருக்கட்டும், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், போதும். அக்கா மேடையை விட்டு இறங்கவில்லை. முழங்கால் மறுத்துவிட்டது. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், இலைக்குப் பக்கத்தில் அவள் சாய்ந்து உட்கார்ந்துகொள்ள, பிரமு மிச்ச நாடகத்தை அவளைச் சுற்றிச் சுற்றி நடத்துகிறாள். மறுபிறவி பற்றிய இடம். “அடுத்த பிறவியில நான் என்னவாப் பொறப்பேன்?” என்று பிரமு கூட்டத்தைக் கேட்பதற்குள், “எனக்கு மாமியாளாப் பொறக்கப்போற, வேற என்ன” என்கிறாள் அக்கா நாற்காலியிலிருந்து. பிரமுவே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பின் வரிசைக்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டார். சிரித்துச் சிரித்துக் கண் கலங்கிய முகம், கையில் நுழைவுச் சீட்டு. “சார், ஓராள் நாடகம்னுதானே போட்டிருக்கு?” ஆமாம் என்றேன். “ஒரே ஆள்தான். மத்ததெல்லாம் எங்க வீட்டு ஆளுங்க.”